அம்மாவுக்கு வாய்வு, அப்பாவுக்கு நெஞ்சுவலி

தமிழ் சினிமாவில் அப்பாக்களுக்கு நெஞ்சுவலி வருவதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. மகள் யாரையோ விரும்புகிறாள் என்று தெரிந்தால் போதும், அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிவார். அடுத்த காட்சியில் ஆஸ்பத்திரி வராந்தா. அதற்கடுத்த காட்சியில் அப்பா கைகாட்டியவனுக்கு மகள் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பாள். சினிமாவை விடுங்கள். "அப்பாவுக்கு இதைக் கேட்டா நெஞ்சுவலி வந்துரும்" என்கிற ஒற்றை வாக்கியம் நம் வீடுகளில் எத்தனை மேற்படிப்பை, எத்தனை வெளியூர் வேலையை, எத்தனை விவாகரத்தை நிறுத்தி வைத்திருக்கிறது! ஆணின் நெஞ்சுவலி குடும்பத்தின் நெருக்கடி. வந்தாலும் நெருக்கடி, வரக்கூடும் என்றாலும் நெருக்கடி.

அம்மாக்களுக்கு நெஞ்சுவலி வருவதில்லை. அம்மாக்களுக்கு வருவது வாய்வு.

நம் பெண்கள் நெஞ்சைப் பற்றிப் பேசும் வார்த்தைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நெஞ்சைக் கரிக்குது. வாய்வு பிடிச்சிருக்கு. முதுகு நடுவுல கடுக்குது. தாடை இழுக்குது. மூச்சு மேல வாங்குது. கை அசந்து போகுது. ஒரு மாதிரியா வருது. இத்தனைக்கும் வீட்டில் இருக்கும் வைத்தியம் ஓமத்தண்ணீர், பெருங்காயம் கலந்த மோர், ஒரு சோடா, மிஞ்சினால் ஜெலுசில். பல நேரம் அது உண்மையிலேயே வாய்வாகத்தான் இருக்கும். சில நேரம் அப்படி இருக்காது. அந்தச் சில நேரத்துக்கு மருத்துவத்தில் ஆஞ்சைனா என்று பெயர். என் அம்மாவுக்கு அது வந்தது. ஆறு வருடம் கழித்து வேறொரு வடிவத்தில் எனக்கும் வந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, நோயைப் பற்றி நான் தெரிந்துகொண்டதைவிட ஓய்வைப் பற்றித் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

முதலில் நோய். இதயம் ஒரு தசை. ஊர் முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் அந்தத் தசைக்கும் ரத்தம் வேண்டும். தன் அறைகளுக்குள் நிறைந்து நிற்கும் ரத்தத்திலிருந்து அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள முடியாது. இதயத்தின் மேல் கொடிபோலப் படர்ந்திருக்கும் கரோனரி ரத்தக்குழாய்கள் வழியாகத்தான் அதற்கு வரவேண்டும். வீடு முழுக்கச் சமைத்துப் போடுகிறவள் தன் தட்டுக்குக் காத்திருப்பது போலத்தான். அந்தக் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பு படிந்து வழி குறுகினால், சும்மா இருக்கும்போது எதுவும் தெரியாது. மாடி ஏறும்போது, கனம் தூக்கும்போது, கோபப்படும்போது இதயம் வேகமாகத் துடிக்கும். அப்போது அது கேட்கும் ரத்தம் அதிகம், வரும் ரத்தம் குறைவு. அந்தப் பற்றாக்குறையில் தசை போடும் கூப்பாடுதான் ஆஞ்சைனா. மாரடைப்பில் தசை சாகத் தொடங்கிவிடுகிறது. ஆஞ்சைனாவில் அது பட்டினி கிடக்கிறது, இன்னும் சாகவில்லை. அதனால்தான் இதை எச்சரிக்கை என்கிறார்கள்.

இந்த எச்சரிக்கை பெரும்பாலும் குத்துகிற வலியாக வருவதில்லை. பாரம் வைத்து அழுத்துவது போல, இறுக்கிக் கட்டியது போல, எரிவது போல வரும். நெஞ்சின் நடுவில் தொடங்கி இடது கை, இரண்டு தோள்கள், கழுத்து, தாடை, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் முதுகு, மேல்வயிறு என்று எங்கும் போகலாம். கூடவே மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, குமட்டல், கை கால் ஓய்ந்துபோகும் அசதி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் அசதியும் மட்டும் வரக்கூடும்.

வேலை செய்தால் வரும், நிறுத்தினால் சில நிமிடங்களில் போய்விடும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே அளவு வேலைக்கு வரும் என்றால் அது நிலையான ஆஞ்சைனா. பாடப்புத்தகத்தில் முதலில் இருப்பது இதுதான். இதை முதன்முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் வில்லியம் ஹெபர்டன் என்கிற லண்டன் மருத்துவர். 1768இல் மருத்துவர்கள் சபையில் வாசித்தார், 1772இல் அச்சில் வந்தது. நடக்கும்போது, அதுவும் மேட்டில் ஏறும்போது, சாப்பிட்ட கையோடு நடந்தால் நெஞ்சில் நெரிப்பது போன்ற வேதனை வருகிறது, நின்றுவிட்டால் மறைகிறது என்று எழுதினார். நெரிப்பது என்று பொருள்படும் சொல்லிலிருந்துதான் ஆஞ்சைனா என்ற பெயரையே வைத்தார். தான் பார்த்த ஏறக்குறைய 100 பேரில் பெண்கள் 3 பேர், 12 வயதுப் பையன் ஒருவன் என்றும் குறித்து வைத்திருக்கிறார்.

250 ஆண்டுகள் ஆகியும் மருத்துவர்கள் கேட்கும் முதல் கேள்வி அவருடையதுதான்: "நடந்தா வலிக்குதா? நின்னா சரியாப் போகுதா?" நல்ல கேள்வி. ஆனால் நிற்க முடிகிற மனிதரை மனதில் வைத்துக் கேட்கப்பட்ட கேள்வி.

என் அம்மா நின்றவள் இல்லை. திண்டுக்கல்லில் நாங்கள் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். 19 படி. முனிசிபாலிட்டித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவையோ பத்து நாளைக்கு ஒரு தடவையோ வரும், அதுவும் கீழே இருக்கும் குழாயில். அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். 2010இல் அவருக்கு மாரடைப்பு வந்து, கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில் மதுரையில் பைபாஸ் ஆனது. அதன் பிறகு அவர் ஒரு செம்புத் தண்ணீரைக்கூடத் தூக்கியதில்லை. தூக்க விட்டதும் இல்லை அம்மா.

அப்பாவின் இதயத்துக்கு அம்மாதான் நர்ஸ், கம்பவுண்டர், காவல்காரர் எல்லாம். எட்டாவது வரை படித்தவள். ஆனால் எந்த மாத்திரை ரத்தம் உறையாமல் இருக்க, எது கொழுப்புக்கு, எது நாடித்துடிப்பைக் குறைக்க என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தேங்காய்ச் சட்னி வாரத்துக்கு ஒருநாள் ஆனது. அப்பளம் சுட்ட அப்பளம் ஆனது. நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை அம்மாவின் சுருக்குப்பையில் எப்போதும் இருக்கும். அப்பா கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தச் சுருக்குப்பை பின்னாலேயே போகும்.

அமெரிக்காவில் 1964இல் ஓரிகன் மாநில இதய சங்கம் பெண்களுக்காக ஒரு மாநாடு நடத்தியது. 'இதயங்களும் கணவர்களும்' என்பது அதன் தலைப்பு. பெண்களின் இதயத்தைப் பற்றிப் பேச இல்லை, கணவனின் இதயத்தை மனைவி எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கக் கூட்டியது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் அம்மா அந்த மாநாட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்து தங்கப் பதக்கம் வாங்கியிருப்பாள்.

அதே சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் அவள் குடம் தூக்கிக்கொண்டு 19 படி ஏறினாள். பன்னிரண்டாவது படியில் ஒரு திருப்பம் இருக்கும். அங்கே குடத்தை இறக்கி வைத்துவிட்டு எதிர்வீட்டு அக்காவோடு பேச ஆரம்பிப்பாள். அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி என்று அப்பா சொல்லுவார். பேச்சு ஐந்து நிமிடம் போகும். அப்புறம் குடத்தை எடுத்துக்கொண்டு ஏறுவாள். கொஞ்ச நாளில் பித்தளைக் குடம் போய் பிளாஸ்டிக் குடம் வந்தது, அப்புறம் சின்னக் குடம் வந்தது. நடைகள் கூடின. "சின்னக் கொடம்னா இடுப்பு நோகாதுல்ல" என்றாள். நெஞ்சு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பின்னாளில் ஒரு மருத்துவர் அவளிடம் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு வாங்கியபோதுதான் அந்தப் பன்னிரண்டாவது படிக்கு அர்த்தம் கிடைத்தது. ஒரு வருஷமாக அவளுக்கு அந்த இடத்தில் நெஞ்சு இறுகும், தாடைவரை ஏறும், நின்று பேசினால் இறங்கும். ஹெபர்டன் எழுதியது அப்படியே. வேலையை வெளிப்படையாக நிறுத்தும் உரிமை இல்லாதவள் பேச்சை மருந்தாக ஆக்கிக்கொண்டிருக்கிறாள். நிறுத்தினால் நிற்கும் வலி என்று ஒரு நோய்க்கு இலக்கணம் எழுதலாம். ஆனால் அந்த நோய் தனக்கு இருக்கிறது என்று ஒருத்திக்குத் தெரியவேண்டுமென்றால் அவள் எப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். அடுப்பில் உலை, குழாயில் தண்ணீர், வாசலில் பால்காரர் என்றிருக்கும்போது எந்த வேலையில் வலி தொடங்கியது, எந்த ஓய்வில் முடிந்தது என்று யார் குறித்து வைப்பது? அலுவலகத்தில் மாடி ஏறும் ஆண் சொல்லும் "ரெண்டு மாடி ஏறினா வலிக்குது" என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மாவாட்டுவது, துணி பிழிவது, மாமியாரைத் தூக்கி உட்கார வைப்பது என்று நாள் முழுக்க உடம்பை வருத்துகிறவளிடம் "ஏதாவது வேலை பாக்குறீங்களா?" என்று கேட்டால், "இல்லைங்க, வீட்லதான் இருக்கேன்" என்பாள். கேட்டவரும் அப்படியே எழுதிக்கொள்வார்.

அம்மா ஒரு தடவை மருத்துவரிடம் போகத்தான் செய்தாள். அப்பாவுக்கு மாத்திரை எழுதி வாங்கப் போன இடத்தில், கடைசியாக, எழுந்திருக்கும்போது சொன்னாள்: "எனக்குந்தான் டாக்டர், நெஞ்சு ஒரு மாதிரியா வருது." வயதைக் கேட்டார். 58 என்றாள். மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று கேட்டார். "அந்த வயசுல இப்படித்தான் இருக்கும். வீட்டுக்காரர் ஆபரேஷன் பண்ணினவர், டென்ஷன் வேற. கேஸ்தான்" என்று காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு மாத்திரையும் ராத்திரி தூங்க ஒரு மாத்திரையும் எழுதினார். இசிஜி எடுக்கவில்லை. சர்க்கரை பார்க்கவில்லை. இத்தனைக்கும் மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இதயநோய் வாய்ப்பு ஏறுகிறது. அவர் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். அதிலிருந்து அவர் போன திசைதான் நேர் எதிர்.

இது ஒரு மருத்துவரின் குணம் மட்டுமல்ல. அந்தக் குணத்துக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு படிப்பு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் மருத்துவ நூல்களில் 'போலி ஆஞ்சைனா' என்று ஒரு வகையே இருந்தது. பெண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால், நரம்புத் தளர்ச்சி, ஹிஸ்டீரியா என்று அந்தக் கூடையில் போடுவார்கள். 20ஆம் நூற்றாண்டின் பெரிய ஆய்வுகள் பலவற்றில் பெண்களே இல்லை. தினம் ஆஸ்பிரின் போட்டால் மாரடைப்பைத் தடுக்கலாமா என்று 1980களில் அமெரிக்காவில் சோதித்தபோது எடுத்துக்கொண்ட 22,071 மருத்துவர்களும் ஆண்கள். கொழுப்பு, ரத்த அழுத்தம், புகை மூன்றையும் குறைத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் 12,866 பேர், அத்தனை பேரும் ஆண்கள். பெண்களுக்கு இந்த நோய் வருவதில்லை என்பதால் ஆராயவில்லை. ஆராயாததால் வருவதில்லை என்றே இருந்துவிட்டது.

1991இல் பெர்னடின் ஹீலி இதற்கு ஒரு பெயர் வைத்தார். இதயநோய் மருத்துவர், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். ஐசக் பாஷெவிஸ் சிங்கர் எழுதிய கதை ஒன்றில் யென்டல் என்ற யூதப் பெண், வேதம் படிப்பதற்காக ஆண் வேடம் போடுவாள். அந்தப் பெயரை எடுத்து 'யென்டல் சின்ட்ரோம்' என்று எழுதினார் ஹீலி. தனக்கு இருப்பது ஆணுக்கு இருப்பது போன்றதுதான் என்று நிரூபித்த பிறகுதான் பெண்ணுக்கு ஆணுக்குக் கிடைக்கும் சிகிச்சை கிடைக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். 27 வருடம் கழித்து, 2018இல் வெளியான ஒரு ஆய்வு, 55 வயதுக்கு உட்பட்டு மாரடைப்பு வந்தவர்களிடம் பேசியது. முன்கூட்டியே அறிகுறிகளோடு மருத்துவரிடம் போனவர்களில், "இது இதயம் சம்பந்தப்பட்டது இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டதாகச் சொன்ன பெண்கள் 53 சதவீதம், ஆண்கள் 37 சதவீதம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெண்களுக்கு வரும் அறிகுறி 'வித்தியாசமானது' என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பெண்களிலும் பெரும்பாலானவர்களுக்கு நெஞ்சில்தான் அழுத்தமோ இறுக்கமோ வருகிறது. அதோடு கூடுதலாக மூச்சிரைப்பு, குமட்டல், முதுகுவலி, அசதி என்று நாலைந்தைச் சேர்த்துச் சொல்கிறார்கள். கேட்பவர் கூடுதலாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு முதலில் சொன்னதை விட்டுவிடுகிறார். 'வழக்கத்துக்கு மாறான நெஞ்சுவலி' என்ற சொல்லையே இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021இல் அமெரிக்க இதய சங்கங்களின் வழிகாட்டி நெறிமுறை சொல்லிவிட்டது. யாருடைய வழக்கத்துக்கு மாறானது என்று கேட்டாலே அந்தச் சொல் உடைந்துவிடுகிறது.

கேஸ் மாத்திரை போட்ட மூன்றாம் மாதம் அம்மாவின் வலி குணம் மாறியது. பன்னிரண்டாவது படியில் வந்தது ஐந்தாவது படியிலேயே வந்தது. அப்புறம் படுத்திருக்கும்போதே வந்தது. நிலையான ஆஞ்சைனா நிலையில்லாததாக மாறுவது இப்படித்தான். புதிதாக வரும் வலி, முன்பைவிடக் குறைந்த வேலைக்கு வரும் வலி, அடிக்கடி வரும் வலி, ஓய்வில் இருக்கும்போதே வரும் வலி எல்லாம் இந்த வகை. குழாய்ச் சுவரில் இருந்த கொழுப்புப் படிவு உடைந்து அதன்மேல் ரத்தம் கட்டத் தொடங்கியிருக்கலாம். மாரடைப்புக்கும் இதற்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடுதான். வீட்டில் வைத்துப் பார்க்கும் நோய் இல்லை இது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நோய்.

2016 தை மாதம், விடிகாலை நாலு மணி. அம்மா வியர்த்து எழுந்திருக்கிறாள். யாரையும் எழுப்பவில்லை. குளித்திருக்கிறாள். இட்லிக்கு ஊற்றி, சட்னி அரைத்து, அப்பாவின் காலை மாத்திரைகளைக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, அதன்பிறகு என்னை எழுப்பி, "ஆஸ்பத்திரிக்குப் போகணும் போல இருக்குடி" என்றாள். மணி ஐந்தரை. 108 வந்தது. இசிஜியில் மாற்றம் இருந்தது. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் அப்போது கூடவில்லை, சில மணி நேரம் கழித்துத் திரும்ப எடுத்தபோதும் கூடவில்லை. தசை இன்னும் சாகவில்லை என்று அர்த்தம். மதுரைக்கு அனுப்பினார்கள். ஆஞ்சியோகிராமில் இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய குழாயில் 90 சதவீத அடைப்பு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவளுக்குச் சர்க்கரை இருந்ததும் அன்றுதான் தெரிந்தது.

அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் பலமுறை நினைத்திருக்கிறேன். அப்பாவுக்கு வலி வந்த அன்று தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா தனக்கு வலி வந்த அன்று சட்னி அரைத்தாள். இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவள் போன பிறகு அந்த வீட்டில் யார் அடுப்பைப் பற்ற வைப்பார்கள் என்ற கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியும். அதனால்தான் அரைத்தாள்.

சிகிச்சை என்பது ஸ்டென்டோடு முடிவதில்லை. ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினும் இன்னொரு மாத்திரையும், கொழுப்புப் படிவு வளராமல் இருக்க ஸ்டாடின், இதயம் நிதானமாகத் துடிக்க பீட்டா பிளாக்கர். துடிப்பு நிதானமானால் வேலை குறைகிறது, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இதயம் இளகி நிற்கும் நேரம் கூடுகிறது. கரோனரி குழாய்களில் ரத்தம் பெரும்பாலும் பாய்வது அந்த இடைவெளியில்தான். இதயமே தான் ஓய்ந்திருக்கும்போதுதான் சாப்பிடுகிறது என்று தெரிந்தபோது எனக்கு அதை எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லவேண்டும் போல இருந்தது. பல அடைப்புகள், முக்கியமான இடத்தில் அடைப்பு என்றால் அப்பாவுக்குச் செய்தது போல பைபாஸ். எதைச் செய்தாலும் மாத்திரை, நடைப்பயிற்சி, உப்பும் எண்ணெயும் குறைந்த சாப்பாடு தொடரவேண்டும்.

அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்த 'ஓய்வு' என்ற சொல்தான் அந்தச் சீட்டிலேயே கடினமான மருந்து. காப்பீட்டில் அது வராது. அப்பாவுக்கு மூன்று மாதம் ஓய்வு கிடைத்தது, அம்மா இருந்ததால். அம்மாவுக்கு நான்காம் நாள் மாமா வந்தார், அத்தை வந்தார், நலம் விசாரிக்க வந்தவர்களுக்கு அம்மாவே காபி போட எழுந்தாள். நான் ஒரு மாதம் லீவு போட்டேன். என் சம்பளத்தில் அது கழிந்தது. தம்பி வெளியூரிலிருந்து பழம் வாங்கி வந்தான். கடைசியில் நாங்கள் எடுத்த ஒரே உருப்படியான வைத்திய முடிவு, வாடகை 800 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் தரைத்தள வீட்டுக்கு மாறியது. அப்பா குடம் தூக்கக் கற்றுக்கொண்டார். பைபாஸ் செய்தவர் நடக்கலாம், அளவான வேலை செய்யலாம் என்று ஆறு வருஷத்துக்கு முன்பே மருத்துவர் சொல்லியிருந்தார்தான்.

இனி என் கதை. 2022இல் எனக்கு 46 வயது. பள்ளி ஆசிரியை. நெஞ்சில் ஒரு அழுத்தம் வரும், வேலை நேரத்தில் மட்டும் இல்லை, வேலை முடிந்து உட்கார்ந்த பிறகும். அரைமணி நேரம் இருக்கும். தலைமை ஆசிரியர் அறையிலிருந்து கூப்பிட்டால்கூட வரும். அம்மா கதை தெரிந்ததால் உடனே போனேன். டிரெட்மில் சோதனையில் மாற்றம் தெரிந்தது. ஆஞ்சியோகிராம் செய்தார்கள். "குழாயெல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கும்மா. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க, யோகா பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு வலி மட்டும் மிச்சம். ரிப்போர்ட் நார்மல் என்றான பிறகு வலிக்கிறது என்று சொன்னால், நம்புகிறவர்களும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

இன்னொரு மருத்துவர்தான் படம் போட்டு விளக்கினார். ஆஞ்சியோகிராமில் தெரிவது பெரிய குழாய்கள் மட்டுமே. அவற்றிலிருந்து பிரிந்து தசைக்குள் போகும் முடியளவு நுண்குழாய்கள் அதில் தெரியாது. அவை தேவைக்கேற்ப விரியாமல் போனாலும், இறுகிக்கொண்டாலும் தசைக்குப் பட்டினிதான். நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லை, தெருவுக்குள் வண்டி வரவில்லை. நுண்குழாய் ஆஞ்சைனா என்று பெயர். பெண்களிடம் அதிகம் காணப்படுவது. ஓய்வெடுத்தாலும் வலி சட்டென்று இறங்காது, சார்பிட்ரேட் சிலருக்கு வேலை செய்யும், சிலருக்குச் செய்யாது, மன அழுத்தத்திலும் வரும். 1973இல் இதற்குக் காரணம் புரியாமல் 'சின்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் 1996இல் பெண்களை மட்டும் வைத்துத் தொடங்கிய 'வைஸ்' ஆய்வுதான், அடைப்பு இல்லாத பெண்களின் வலியை அலட்சியப்படுத்தக் கூடாது, அவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் வரும் வாய்ப்பு கூடுதல் என்று காட்டியது. ரத்த ஓட்டத்தை அளக்கும் சிறப்புச் சோதனைகள் மூலம் இதைக் கண்டுபிடிக்கலாம். எனக்கு அப்படித்தான் உறுதியானது. பீட்டா பிளாக்கரும் ஸ்டாடினும் எடுக்கிறேன். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன், நடக்கிறேன். வலி வருவது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

நான்காவதாக ஒரு வகை உண்டு. 1959இல் பிரின்ஸ்மெட்டல் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் விவரித்தது. குழாய் திடீரென்று சுருங்கிப் பிடித்துக்கொள்வதால் வருவது. பெரும்பாலும் ஓய்வில், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் வரும். கால்சியம் சேனல் பிளாக்கர் மாத்திரைகளுக்குக் கட்டுப்படும். எனக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் இந்த வகையில் சிலருக்கு நிலைமையை மோசமாக்கக்கூடும். அதனால்தான் பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை எடுத்துப் போடக் கூடாது என்பது.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமாகச் சொல்லவேண்டிய சில சங்கதிகள் இருக்கின்றன. கர்ப்பத்தில் ரத்தக்கொதிப்போ சர்க்கரையோ வந்திருந்தால் அது பிரசவத்தோடு முடிந்த கதை இல்லை, பின்னாளின் இதயநோய்க்கு அது ஒரு முன்கணக்கு. சின்ன வயதில் மாதவிலக்கு நின்றுபோனதும் சினைப்பையோடு கர்ப்பப்பையை எடுத்ததும் அப்படியே. "கர்ப்பப்பை எடுத்தாச்சு, இனி தொல்லை இல்லை" என்று நாம் சொல்லும்போது இதயம் அந்தப் பேச்சில் இருப்பதே இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் கணவருக்கு மாத்திரை வாங்கும் கையோடு நம் கையையும் ரத்த அழுத்தம் பார்க்க நீட்டலாம்.

வலி வந்தால் செய்யவேண்டியது இது. கையில் இருப்பதை அங்கேயே வைத்துவிட்டு உட்காருங்கள். மருத்துவர் ஏற்கெனவே உங்களுக்கு எழுதித் தந்திருந்தால் சார்பிட்ரேட்டை உட்கார்ந்தபடி நாக்குக்கடியில் வையுங்கள். ரத்த அழுத்தம் இறங்கும் என்பதால் நின்றுகொண்டு வைத்தால் மயங்கி விழலாம். தலைவலி வரும், பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றாலும், ஓய்விலேயே வந்த வலி என்றாலும், வியர்வையோடு வந்தாலும் 108. இட்லி அவியட்டும், கருகட்டும். ஆஸ்பத்திரி தொலைவு என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் தவணையாக அங்கேயே கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

மருத்துவரிடம் "ஒரு மாதிரியா இருக்கு" என்று கடைசியில், எழுந்திருக்கும்போது சொல்லாதீர்கள். முதலில் சொல்லுங்கள். எந்த வேலையில் வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, எங்கே பரவியது, எப்போது இறங்கியது என்று சொல்லுங்கள். "டென்ஷன்தான்" என்றால், "சரிங்க டாக்டர், ஒரு இசிஜி எடுத்துப் பார்த்துட்டு டென்ஷன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். இசிஜி சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் அடுத்து என்ன சோதனை என்று கேளுங்கள். ஆஞ்சியோகிராம் சுத்தம் என்றால் நுண்குழாய்களைப் பற்றிக் கேளுங்கள்.

நம் வீட்டு அடுப்படிகளில் தொங்கும் நாட்காட்டியில் பால் நிறுத்திய நாள், சிலிண்டர் மாற்றிய தேதி, பிள்ளைகளின் பரீட்சை, கணவரின் செக்கப் எல்லாம் இருக்கும். வலி வந்த நாளையும் அதிலேயே எழுதி வைக்கலாம். 'மாவாட்டும்போது, பத்து நிமிஷம், தாடை வரை.' என் அம்மா இப்போது அப்படித்தான் எழுதுகிறாள். போன மாதம் இரண்டு நாள்தான் எழுதியிருந்தாள். இரண்டு நாளும் விருந்தாளிகள் வந்த நாள்.